சனிக்கிழமைக்குத் தாங்கிய முழங்கால்

பக்கத்து வீட்டு ஐயாவுக்கு,

வேலையால் வந்து முழங்காலுக்குத் தைலம் பூசிக்கொண்டிருக்கிறேன். மூக்கில் ஏறும் அந்தக் காரமான மணத்தோடு நீங்களும் வந்துவிட்டீர்கள். நீங்கள் கண்ணை மூடி ஒரு மாரி கழிந்துவிட்டது. உங்கள் மணம் இப்போது என்னுடையது. பாண் பேக்கரியில் நின்றே தேய்ந்தவனுக்கு வேறென்ன மிஞ்சும்?

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் லண்டனில் மோர்டனுக்குக் குடிவந்த புதிதில், வேலியோரம் நின்று உங்கள் உதைபந்தாட்டக் கதையைச் சொன்னீர்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து பட்டாளத்திலிருந்து வந்து, மூன்றாம் பிரிவுக் கழகமொன்றில் பின்வரிசையில் ஆடியது, மழையில் ஊறிய தோல் பந்து கல்லாய்க் கனத்தது, கோடையில் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்தது. முழங்கால் வீங்கினால் சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஊசி போட்டு மைதானத்தில் இறக்கிவிடுவார்களாம்.

"சனிக்கிழமைக்குத் தாங்கினால் போதும் என்பார்கள். திங்கட்கிழமையைப் பற்றி யாரும் கேட்டதில்லை" என்றீர்கள். குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புத்தான் இருந்தது. கால் இழுபடத் தொடங்கியதும் இனி வேண்டாம் என்றுவிட்டார்கள். பிறகு பால் வண்டி ஓட்டியிருக்கிறீர்கள்.

எங்கள் வீட்டுக்குள் மட்டும் வரமாட்டீர்கள். தேத்தண்ணியை வாசலில் நின்றே குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டுவீர்கள்.

"வெள்ளைக்காரர்தானே, எங்கட வீட்டுக்குள்ள வர அவருக்கு மனமில்லை. விடுங்கோ" என்றாள் மனைவி. எனக்கும் மனம் கசந்தது. ஊரை விட்டு வந்த இடத்தில் கிடைத்த ஒரே சிநேகிதமும் வாசலோடுதானா என்று சோர்ந்துபோனேன்.

மகளின் பிறந்தநாளன்று நல்ல மழை. பரிசுப் பொதியோடு வந்து நனைந்தபடி நின்றீர்கள். சப்பாத்தோடேயே வரச் சொல்லும்படி மனைவி என்னை நெருக்கினாள். சொன்னேன். வாசலில் கழற்றிவைத்திருந்த எங்கள் சப்பாத்துகளைப் பார்த்துத் தலையாட்டினீர்கள். "அது உங்கள் வீட்டு முறையில்லையே" என்றீர்கள். பிறகு மெல்ல, "என்னால் குனிய முடியாது. குனிந்தால் எழும்ப முடியாது. இவ்வளவு காலமும் உள்ளே வராததற்குக் காரணம் அதுதான்" என்றீர்கள்.

கதிரையொன்றை இழுத்து வாசலில் போட்டேன். கீழே குந்தி உங்கள் சப்பாத்து நாடாவை அவிழ்த்தபோது நீங்கள் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். கால்விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஈரக் காலைத் துவாயால் துடைத்துவிட்டேன். அன்று பிள்ளைகளுக்கு நடுவில் இருந்து கட்லட் சாப்பிட்டீர்கள். அதன் பிறகு நீங்கள் வராத கிழமை இல்லை. கதிரையும் வாசலிலேயே தங்கிவிட்டது.

இப்போது அதில் நான் இருக்கிறேன். இன்னொரு ஷிப்ட் நிற்க ஏலுமா என்று சூப்பர்வைசர் கேட்டால், இன்றைக்குத் தாங்கினால் போதும் என்று முழங்காலைக் கெஞ்சிவிட்டு ஓம் என்கிறேன். இன்று நான் நாடாவோடு மல்லுக்கட்டுவதைக் கண்டு மகள் வந்து கீழே குந்தினாள்.

"அப்பா, காலை நீட்டுங்கோ."

வெட்கம் பிடுங்கித் தின்றது. முகத்தைத் தெருப்பக்கம் திருப்பினேன். அன்று அந்தக் காலை நீட்ட உங்களுக்கு எவ்வளவு மனம் வேண்டியிருந்திருக்கும் என்று அப்போதுதான் விளங்கியது.

நானும் நீட்டினேன், ஐயா.