ஏட்டி, கையை இறக்கிரு

குற்றாலத்து இளநீர்க் கடை அரிவாளின் பச்சை வாடை இன்னும் என் உள்ளங்கையை விட்டுப் போகவில்லை. சோப்புப் போட்டும் பார்த்துவிட்டேன். இன்று காலை அந்த அரிவாளை உன் புருஷன் கழுத்துக்கு நேராக ஓங்கினேன். இதை உன்னிடம்தானே முதலில் சொல்ல வேண்டும், அதுதான் எழுதுகிறேன்.

தென்காசியில் துப்பாக்கி சுடும் பயிற்சி தொடங்குகிறது என்று நோட்டீஸ் கொண்டுவந்தவள் நீதான். "நமக்கு எதுக்குட்டி இது? யாரைக் கொல்லப் போறோம்?" என்றேன்.

"கொல்லுததுக்கு இல்ல. ஒரு மணி நேரமாவது என் கை என் பேச்சைக் கேக்கட்டும்."

அன்று உன் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன.

ஏர் பிஸ்டலை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடிக்க வேண்டும். அதற்காக வீட்டில் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துப் பழகினோம். குழல் நுனியைக் கூர்ந்து பார், எதிரே இருக்கும் குறி அட்டை மங்கலாகத் தெரிந்தால் போதும் என்றார்கள். எனக்கா, எரிச்சல்தான் வரும். தூக்கிய கையைச் சுடாமல் இறக்குவது கேவலம் என்று நினைத்து, நடுங்க நடுங்க விசையை இழுப்பேன். குண்டு அட்டைக்கு வெளியே போகும். பக்கத்தில் நின்று நீ முணுமுணுப்பாய்: "ஏட்டி, சரியா வரலேன்னா கையை இறக்கிரு. மறுபடி தூக்குனாப் போச்சு. சுட்ட பொறவு கூப்பிட்டா வருமா?"

உன் முதல் போட்டிக்கு முந்தின வாரம் அவன் உன் வலது கை விரல்களைக் குழவிக்கல்லால் நசுக்கினான். கட்டுப் போட்ட கையோடு வந்து, இடது கையால் பிஸ்டலைத் தூக்கினாய். "எத்தனையத்தான் ஒடிப்பான், பாப்போம்" என்று சிரித்தாய்.

இலஞ்சியில் உன் வீட்டு அலறல் கேட்டு நான் ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நீ அடுப்படியில் கிடந்தாய். தேங்காய் வெட்டும் அரிவாளோடு அவன் நின்றான். உன் மகள் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

அந்த நாய் ஜாமீனில் வந்துவிட்டான். இன்று அருவியில் குளித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு இளநீர்க் கடையில் நிற்கிறான். என்னைப் பார்த்ததும், "என்னட்டி, இன்னும் சுடப் போறியா?" என்று இளித்தான். கடைக்கார அண்ணாச்சி அடுத்த காயை எடுக்கக் குனிந்தார். நான் அரிவாளை எடுத்தேன்.

கை நடுங்கவில்லை, கேட்டுக்கொள். பாட்டில் தூக்கிப் பழகிய கையல்லவா! அவன் கழுத்து நரம்புகூட அத்தனை தெளிவாகத் தெரிந்தது. அது மட்டும்தான் தெரிந்தது. பிறகுதான் அவன் முதுகுக்குப் பின்னால், அவனோடு வந்திருந்த உன் மகளைப் பார்த்தேன். இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

"ஏட்டி, இறக்கிரு." உன் குரலேதான்.

இறக்கினேன். அண்ணாச்சி அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு, "போம்மா, ஒனக்குப் புண்ணியமாப் போவும், போயிரு" என்று என்னைத் தள்ளிவிட்டார். அவன் மூஞ்சி வெளுத்துப் போயிருந்தது. அதில் எனக்குச் சந்தோஷம்தான், உன்னிடம் என்ன மறைக்க?

உன் கொலை வழக்கு இந்த மாதம் விசாரணைக்கு வருகிறது. சாட்சிக் கூண்டில் ஏற்றி, வெட்டியது யார் என்று என்னைக் கேட்பார்கள். உன் மகளும் அங்கே இருப்பாள். தண்ணீர் பாட்டிலை மறுபடி கையில் எடுத்துவிட்டேன். அவனுக்கு நேராகக் கையை நீட்டுவேன். அன்றைக்கு மட்டும் இறக்கச் சொல்லாதே.