குழாயடிச் சண்டையும் போயிற்று

என்னங்க,

நலமாக இருக்கிறீர்களா? அத்தைக்கு முட்டிவலி குறைந்ததா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

பல்கலைக்கழகப் படிப்புக்கு முன் ஆங்கிலத்தில் கட்டுரை எழுத, பேசப் பழக்குகிறார்கள் என்றேனே, அங்கே ஒரு வேடிக்கை. நான் எதையும் முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துத்தான் ஆங்கிலத்துக்குப் போவேன். கேட்பவள் என் வகுப்பிலேயே படிக்கும் அறைத்தோழி. "சூப்பர்க்கா, இன்னொரு தடவை சொல்லுங்க" என்பாள். நேற்று வகுப்பில் எனக்கு முன்னால் எழுந்து, தண்ணீர்ப் பங்கீடு பற்றிய என் வாதம் முழுவதையும் சரளமான ஆங்கிலத்தில் பேசிவிட்டாள். நம் தெருக் குழாயடிச் சண்டையைக்கூட விடவில்லை. "எங்கள் தெருவில்" என்றாள்! அடுத்து நான் திக்கித் திணறிப் பேசியதும், "தோழியைப் பார்த்து எழுதலாமா?" என்றார் ஆசிரியை. மதிப்பெண் இல்லை. புதிய தலைப்பில் பேசித் தேறினால்தான் படிப்பில் சேரலாம்.

அறையில் கேட்டேன். "தமிழ்ல பேசிக்கிட்டிருந்தது எப்படிக்கா கட்டுரையாகும்?" என்று சிரித்தாள்.

கவலைப்படாதீர்கள். என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் கொஞ்சம் கூடுதலாக நேரம் கொடுங்கள். புதுக் கட்டுரையை உங்களிடம்தான் சொல்லிப் பார்க்க வேண்டும். தூக்கம் வந்தாலும் ‘ம்’ கொட்டிக்கொண்டிருங்கள், போதும்.

அவள் வருகிறாள். நிறுத்துகிறேன்.