வெயிலில் பத்து நிமிடம்

சேசு மரி சூசை

பென்னாகரம்,
20-1-1985

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி பாக்கியமேரி வணக்கத்தோடு எழுதுவது. என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பி மூன்று மாதம் ஆகிறது. நீங்கள் போட்டது ஒரே ஒரு கடுதாசி. பெங்களூரில் தபால்பெட்டி கிடையாதா?

தர்மபுரியில் தோல் டாக்டரம்மாவிடம் கையைக் காட்டினேன். கையில் இருக்கிற இந்த வெள்ளைத் திட்டுகள் குஷ்டம் இல்லை, யாருக்கும் ஒட்டாது என்று அடித்துச் சொன்னார். இதை அத்தையிடம் இரண்டு முறை படித்துக் காட்டுங்கள். தோலுக்கு நிறம் கொடுக்கிற உயிரணுக்கள் அந்த இடத்தில் அழிந்துவிட்டனவாம். மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்து வெயிலில் கையை நீட்ட வேண்டும். மருந்து உடம்பு முழுக்க ஓடினாலும் வெளிச்சம் பட்ட இடத்தில்தான் வேலை செய்யுமாம். ஒருநாள் விட்டு ஒருநாள். முதலில் ஐந்து நிமிடம், போகப்போகப் பத்து. அதற்கு மேல் கூடவே கூடாது.

கண் கெடாமல் இருக்கக் கறுப்புக் கண்ணாடி போடச் சொன்னார். அதுதான் இன்னும் வாங்கவில்லை. இங்கே ஒரு பெண் போய்க் கேட்டால் சிரிக்கிறார்கள்.

உங்கள் அன்பு
பாக்கியமேரி


பெங்களூர்,
10-2-1985

அன்பு பாக்கியத்துக்கு,

ஒர்க்‌ஷாப்பில் ஓவர்டைம். அதனால்தான் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. கறுப்புக் கண்ணாடி பார்சலில் வருகிறது. போட்டுக்கொண்டு நின்றால் சினிமாக்காரி தோற்றுப்போவாள்.

உன் கடிதத்தை அம்மாவிடம் இரண்டு முறையும் படித்தேன். "ஒட்டாதுன்னா சரிடா. ஆனா நம்ம வூட்டுல அந்தக் கையால போடற சோத்த யாரு திம்பாங்க? கை நல்லானதும் வரட்டும்" என்கிறார். எனக்கு ஒரு அருவருப்பும் இல்லை பாக்கியம், சத்தியமாக. எல்லாம் அம்மாவுக்காகத்தான். ஈஸ்டருக்கு அங்கே வருகிறேன். அதற்குள் கை சரியாகிவிட்டால் உன்னைக் கூட்டி வந்துவிடுவேன்.

உன்
அருள்நாதன்


சேசு மரி சூசை

பென்னாகரம்,
18-3-1985

அன்புள்ள மாமாவுக்கு,

கண்ணாடி வந்து சேர்ந்தது. ஆடு ஓட்டிப் போகிற செல்லம்மாள் வேலியோரம் நின்று, "ஏ பாக்கியம், எந்தப் படத்துல நடிக்கிற?" என்று கேட்கிறாள். நானும் கையை நீட்டிக்கொண்டு ராணி மாதிரி நிற்கிறேன்.

ஒரு நல்ல சேதி. முழங்கைக்குக் கீழே, வெள்ளையின் நடுவில், கேழ்வரகு தூவினதுபோல் பொடிப்பொடியாக நிறம் வந்திருக்கிறது. மயிர்க்கால்களுக்குள் தப்பிப் பிழைத்திருந்த உயிரணுக்கள் மருந்துக்கும் வெயிலுக்கும் வெளியே வருகின்றனவாம். அதைப் பார்த்த அன்றைக்கு அழுதுவிட்டேன்.

கெட்ட சேதியையும் மறைக்கவில்லை. ஈஸ்டர் நெருங்குகிறதே என்ற அவசரத்தில் ஒருநாள் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டேன். இரண்டாம் நாள் கை முழுக்கக் கொப்புளம். டாக்டரம்மா திட்டித் தீர்த்துவிட்டார். "மருந்து ஏறின ஒடம்புல வெயில் அதிகமானா உயிருள்ள தோலையே வேக வச்சிரும். யாருக்கு இத்தனை அவசரம்?" என்றார். நான் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. ஆறும் வரை மாத்திரை கிடையாது. கை பார்க்கச் சகிக்காது, இருந்தாலும் வாருங்கள் மாமா.

உங்கள் அன்பு
பாக்கியமேரி


பெங்களூர்,
12-4-1985

அன்பு பாக்கியத்துக்கு,

ஈஸ்டருக்கு வந்தும் சரியாகப் பேச முடியவில்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. கொப்புளம் ஆறின இடமெல்லாம் பரவாயில்லை. விரல் நுனிகள்தான் அப்படியே வெள்ளையாக இருக்கின்றன. அம்மாவும் முதலில் அதைத்தான் கேட்டார். விரல்களுக்கு மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் வெயில் காட்டலாமா என்று டாக்டரிடம் கேள். விரல் சரியானால் போதும், மறு பஸ்ஸில் வந்து நிற்பேன்.

உன்
அருள்நாதன்


சேசு மரி சூசை

பென்னாகரம்,
28-4-1985

மாமாவுக்கு,

டாக்டரம்மாவிடம் கேட்டேன். விரல் நுனியில் மயிர்க்கால் கிடையாது. அதனால் தப்பிப் பிழைத்த உயிரணு என்று அங்கே எதுவும் இல்லை. எத்தனை வருடம் வெயிலில் நீட்டினாலும் அங்கே நிறம் வராது என்று சொல்லிவிட்டார்.

கேட்டதும் இடிந்துபோவேன் என்று நினைத்தேன். அப்படி ஆகவில்லை. ஈஸ்டர் அன்றே எனக்கு வேறொன்று தெரிந்துவிட்டது. வேகாத வெயிலில் பஸ் இறங்கி வந்தீர்கள். செம்பில் தண்ணீர் மொண்டு வந்து நீட்டினேன். "கீழ வையி" என்றீர்கள். நான் வைக்கவில்லை. அம்மா என்னிடமிருந்து வாங்கிக் கொடுத்த பிறகு மடக்மடக்கென்று குடித்தீர்கள். அத்தை அப்போது பக்கத்தில் இல்லை மாமா, பெங்களூரில் இருந்தார்கள்.

கொப்புளம்கூட எனக்கு அவ்வளவு எரியவில்லை.

இப்போது புண் ஆறிவிட்டது. மறுபடியும் மாத்திரை போடுகிறேன். வெயிலில் பத்து நிமிடம்தான் நிற்கிறேன், ஒரு நிமிடம் கூடுதல் இல்லை. இது யாரும் என்னைக் கூட்டிப் போக வேண்டும் என்பதற்காக அல்ல. சுட்டுக்கொண்ட பிறகு எனக்கு என் கை மேல் பிரியம் வந்துவிட்டது. கண்ணாடியை நானே வைத்துக்கொள்கிறேன்.

என் விரல் நுனிகள் கடைசிவரை வெள்ளையாகத்தான் இருக்கும். நீங்கள் வந்தால் செம்பை நான்தான் நீட்டுவேன். கையில் வாங்க மனம் இருந்தால் வாருங்கள்.

பாக்கியமேரி