இரண்டு இடத்திலும் ஒரே எண்

என் அன்பான அப்பா,

குளியலறையைப் பூட்டிக்கொண்டு, கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன். குழாயைக் கொஞ்சம் திறந்து விட்டிருக்கிறேன். பேனாச் சத்தம்கூடச் சித்தப்பாவுக்குக் கேட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

இன்று பின்னேரம் அவர் அம்மாவைத் துவக்கின் கட்டையால் வாயில் அடித்தார். இரண்டு பல் விழுந்தன. "இந்தத் துவக்குகளை விக்காதைங்கோ தம்பி, என்ர மனுசனைத் திண்டது காணாதே?" என்று மட்டும்தான் அம்மா கேட்டார்.

"விசாவுக்குப் பொறுப்பு நிக்கிற கபீலிட்டை ஒரு சொல்லுச் சொன்னால் போதும், எல்லாம் முடிஞ்சுது. ரெண்டு பேரையும் பிளேனில ஏத்திப்போடுவன்" என்றார் சித்தப்பா.

துவக்குக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, ஓமான் நாட்டு ரூவியில் பழைய துவக்கு விற்ற மனிதர் நீங்கள். "இதுகள் கிழடுகள் பிள்ளை, கடிக்காது" என்று சிரிப்பீர்கள்.

வெள்ளைக்காரப் பட்டாளம் கழித்துவிட்ட த்ரீ-நாட்-த்ரீத் துவக்குகள் சாக்கில் வரும். கிரீட முத்திரையைத் துடைப்பீர்கள். குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பீர்கள். எண்களைக் கடைசியில்தான் பார்ப்பீர்கள். துவக்கின் உடலில் ஒன்று, குழலைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டில் ஒன்று. இரண்டும் ஒன்றானால் விலை இரட்டிப்பு, சுடவும் செய்யலாம். வேறானால் சிவப்பு நூல் கட்டிச் சுவரில் மாட்டுவீர்கள். "வேற துவக்கின்ர போல்ட். சுட்டால் பின்னாலதான் வெடிக்கும்" என்று வருபவர்களிடமெல்லாம் சொல்வீர்கள்.

அப்பா, உங்களிடம் நான் ஒன்று சொல்லாமல் விட்டேன்.

நீங்கள் போவதற்கு முந்தின நாள், பள்ளி விட்டுக் கடைக்கு வந்தேன். நீங்கள் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தீர்கள். சித்தப்பா அன்றுதான் சாக்கில் வந்த ஒரு துவக்கின் போல்ட் எண்ணை அரத்தால் தேய்த்து அழித்துவிட்டு, எண் குத்தும் உளிகளால் வேறு எண் அடித்துக்கொண்டிருந்தார். ஏழு என்ற எண்ணைக் குத்தும் ஏழாம் உளியில் அந்த எண்ணின் கால்நுனி உடைந்திருந்தது. அடித்த இடத்தில் கரியும் எண்ணெயும் பூசினார்.

"கொப்பரிட்டைச் சொல்லாதை. விலையைக் கேட்டு அண்ணை திகைக்கட்டும்" என்று கண்ணடித்தார்.

நானும் சிரித்தேன். நல்ல இரகசியம் என்று நினைத்தேன்.

மறுநாள் விடுமுறை. வாங்க வந்தவர் சுட்டுக் காட்டச் சொன்னதால் ஊருக்கு வெளியே, தண்ணீரில்லாத ஆற்றுப் படுகைக்குப் போனோம். நீங்கள் அந்தத் துவக்கின் இரண்டு எண்ணையும் விரலால் தடவித் தலையாட்டினீர்கள். துவக்கைக் கன்னத்தோடு சேர்த்தீர்கள். போல்ட் பின்னால் பாய்ந்து உங்கள் கண்ணுக்குள் போனது. நீங்கள் உடனே விழவில்லை. என் பக்கம் திரும்பினீர்கள், அந்த முகத்தோடு. என் பள்ளிச் சப்பாத்தில் தெறித்ததை அம்மா மூன்று தரம் கழுவினார்.

என்னைத் தேடித்தான் திரும்பினீர்களா?

"பழைய இரும்பு, விதி" என்று சித்தப்பா பொலிசாரிடம் அழுதார். உண்மையாகவே அழுதாரா? எனக்கு இன்னும் தெரியவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் என் கழுத்தைச் சுவரோடு சேர்த்து நெரித்தார். "வாய் திறந்தியெண்டால் நீயும் கொம்மாவும் கொப்பரிட்டைப் போவியள்."

சிவப்பு நூல்களை எல்லாம் இப்போது அறுத்துவிட்டார், அப்பா. நாளை நாலு மணிக்கு ஓர் ஓமானியப் பெரியவர் துவக்கு வாங்க வருகிறார். மகனுடைய கலியாணத்தில் மாப்பிள்ளையே வானத்தை நோக்கிச் சுடவேண்டுமாம். நேற்று அந்த மகனும் வந்து, துவக்கை வலது கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "நம்பர் தேக்கோ பாய், தோனோ ஏக்! ஒரிஜினல்!" என்று சித்தப்பா இரண்டும் ஒரே எண் என இந்தியில் சொல்லிக் காட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். போல்ட்டில் இருந்த ஏழுக்குக் கால்நுனி இல்லை.

சொன்னால் எங்களை என்ன செய்வார் என்று தெரியும். சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஏழாம் உளி இப்போது என் ஜியோமெட்ரிப் பெட்டிக்குள் கிடக்கிறது. படுக்கைக்குப் போகுமுன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாயில் அழுத்தியிருந்த துணியை எடுத்துவிட்டு, "நானும் வாறன்" என்றார். அவ்வளவுதான் பேச முடிந்தது.

நாளை நாலு மணிக்கு அந்தப் பெரியவரின் உள்ளங்கையில் உளியை வைப்பேன். குரல் வராவிட்டால், அவருடைய விரலைப் பிடித்து அந்த ஏழின் மேல் வைப்பேன். சித்தப்பா அடித்தால் அடிக்கட்டும். பெரியவரின் மகன் துவக்கைத் தொடுமுன் இது நடக்கும். இது சத்தியம், அப்பா.

அன்று சிரித்துக்கொண்டு நின்ற உங்கள் மகள்,
தர்சினி