நான் வெட்டிய லெவல்

என் செல்விம்மாவுக்கு,

நீ இருந்திருந்தால் இதைக் கேட்டதும் திட்டியிருப்பாய். நீ போய்ச்சேர்ந்த இந்த ஒரு வருஷமாய் இந்த அண்ணனைத் திட்ட ஆளில்லை.

ஊரிகத்தில் நம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுக்குப் பின்னால், தங்கம் பிரித்த கழிவு மண்ணைக் கொட்டிய சயனைடு மேட்டில், தூசியை அடக்க நீ வளர்த்த புல் காய்கிறது. உச்சியில் மட்டும். காரணம் நான்தான்.

சித்திரை மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. மேட்டடியில் கால்வாய் வெட்டினேன். கடப்பாரையில் கயிறு கயிறாய் ஏதோ மாட்டியது. செத்த வேர் என்று அறுத்தெறிந்தேன். "இன்னா தம்பி, மேல எல்லாம் காஞ்சி கீது?" என்று பக்கத்து வீட்டக்கா கேட்ட பிறகுதான் நான் அறுத்தது என்னவென்று புரிந்தது.

மலைச்செடிகளைப் பற்றிப் படித்துவிட்டு வந்து நீ அப்பாவிடம் சொன்னாயே. "கீழ மண்ணு நல்லா கீது, அங்க இந்தப் புல்லு பூத்து விதை போடுது. உச்சியில காத்து, சூடு. விதை பொழைக்காதுப்பா. அதனால மண்ணுக்குள்ளயே மேல தண்டை நீட்டிக் குட்டிச்செடி போடுது. கீழ கீற செடிதான் மேல தண்ணி அனுப்புது."

"அப்ப அது லெவலு," என்றார் அப்பா. சுரங்கத்தில் பூமிக்கடியில் படுக்கையாய்ப் போகும் பாதைக்கு அதுதானே பேர். அன்றிலிருந்து நம் வீட்டில் அந்தத் தண்டுக்கும் அதே பேர்தான். தெரிந்திருந்தும் வெட்டினேன், பார்.

ஆடிக்காற்று வந்தால் மொட்டை உச்சியிலிருந்து தூசி நேரே அம்மா கட்டிலுக்கு வரும். இப்போதே இருமல் நிற்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்தக் குட்டிகளுக்குச் சொந்த வேர் இறங்கியிருக்குமா? உன் நோட்டில் தேடினேன். மலையில் தண்டை வெட்டிப் பார்த்ததில் சில பிழைத்தன, சில பிழைக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். எதனால் என்ற இடத்தில் வெறும் கேள்விக்குறி. அதை எப்போது எழுதுவதாக இருந்தாய்?

தினமும் பெங்களூர் ரயிலுக்கு ஓடும் முன் ரெண்டு குடம் தண்ணீரை மேலே சுமக்கிறேன். "இன்னாத்துக்குடா?" என்றாள் அம்மா. "செல்வி புல்லுக்கு." மறுநாள் அரிசி கழுவின தண்ணீரைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள்.

இன்னும் பச்சை தெரியவில்லை. தெரிந்தால் முதலில் உனக்குத்தான் சொல்வேன். அங்கே வேர் இறங்கும்வரை நான்தான் லெவல், செல்வி. விடமாட்டேன்.

உன் கூடப்பிறந்த முட்டாள்,
அண்ணன்