யார் விட்ட புகை

மார்ச் 3
என் மகளே, கட்டெறும்பே, இன்றைக்கு டிவியில் ஒரு அதிகாரி பேசினார். ஊர்க் காற்று கெட்டதற்கு வீட்டு அடுப்புதான் பெரிய காரணமாம். வறுக்கிறோமாம், தாளிக்கிறோமாம். நீ மூச்சு முட்டி எங்களை விட்டுப் போன பிறகு இந்த வீட்டில் புகை என்ற பேச்சையே யாரும் எடுத்ததில்லை. உன் அப்பா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

மார்ச் 4
குழாயடியில் ஒரே சிரிப்பு. "நம்ம அடுப்புப் புகை விஷமாம். லாரி விடுறது மட்டும் பன்னீரா?" என்றாள் கீழ்வீட்டுத் தையல்காரி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. லாரி ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர் அல்லவா.

மார்ச் 5
அடுப்பு மூட்டவில்லை. ரொட்டி வாங்கித் தின்றோம்.

மார்ச் 8
உன் அத்தை வந்தாள். "பிள்ளை இருமுறப்பெல்லாம் என் தம்பி லாரியைக் கரிச்சுக் கொட்டினியே, இப்ப என்ன சொல்றாங்க கேட்டியா? வீட்டுக்குள்ளயே புகைய வச்சுக்கிட்டு..."
"அக்கா, வாயை மூடு" என்றார் உன் அப்பா. அவ்வளவுதான். அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.
என்னை விட்டு நகரமாட்டாயே, அடுப்படியில்தானே கிடப்பாய் – ஐயோ, நான்தானாடி?

மார்ச் 11
நாளைக்குப் பெண்கள் எல்லாரும் வாணலியைத் தட்டிக்கொண்டு அந்த அதிகாரியின் ஆபீசுக்குப் போகிறார்கள். "நீயும் வாக்கா. பிள்ளையப் பறிகொடுத்தவ சொன்னாத்தான் எடுபடும். லாரிதான்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்" என்கிறாள் தையல்காரி.
உன்னை வைத்தா?

மார்ச் 12
போனேன். வாணலிச் சத்தத்தில் காது அடைத்துவிட்டது. யாரோ மைக்கை நீட்டினார்கள்.
"ஜன்னலைத் திறந்தா ரோட்டுப் புகை வரும், பிள்ளை இருமுவா. அதனால மூடிட்டுச் சமைச்சேன். அடுப்புப் புகை உள்ளேயே நின்னுச்சு. அதுக்கும் இருமுவா. எது அவளைக் கொண்டுபோச்சுன்னு எனக்குத் தெரியல" என்றேன்.
அதற்குப் பிறகு ஒருத்தியும் வாணலியைத் தட்டவில்லை. திரும்பும்போது தையல்காரி என் காதில் விழும்படியே சொன்னாள்: "சோறு போடுற லாரியாச்சே, எப்படி நாக்கு எழும்பும்!"

மார்ச் 13
என் பேச்சில் பாதியைத்தான் டிவியில் காட்டினார்கள். மூடிட்டுச் சமைச்சேன் என்கிற பாதி. உன் அப்பா டிவியை அணைத்தார். "ரோட்டுப் புகைன்னும் சொன்னேல்ல?" என்று கேட்டார்.
சொன்னேன் என்றேன்.
"சொல்லணும்" என்றார். வெகுநேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மார்ச் 19
தையல்காரி வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை, நெஞ்சு கர்புர்ரென்று இழுக்கிறது. குழாயடியில் பேசுகிற வாய் எங்கே போனதோ, வாசலிலேயே நின்றாள். "அக்கா, சமைக்கும்போது நான் ஜன்னலைத் திறக்கவா, மூடவா?"
பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன். நாளைக்கும் வந்து கேட்பாள். இரண்டு புகையையும் மூச்சில் வாங்கியவள் நீதானே, கட்டெறும்பே. அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?