ஃபோர்மேன் கழுத்துச் சிவப்பு நாடா

என் பாசத்துக்குரிய அக்காவுக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். நாச்சாரத்தில் மூடிக் கிடந்த பட்டறை ஷெட்டை வாடகைக்கு எடுத்து, அடிபட்ட பூனைகளுக்கு இல்லம் என்று நீ போர்டு மாட்டிய அன்றைக்கே, கேட்டுக்கு வெளியே நின்று சொன்னேன்: "அக்கா, பாத்துக்கிட்டே இரு, இதுல ஒரு பூனை உனக்கே முதலாளி ஆயிடும்." நீ சிரித்தாய். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இப்போது அவன் எனக்கும் முதலாளி.

ஃபோர்மேனைத்தான் சொல்கிறேன். அந்தப் பெயரை நீ வைத்ததே என்னைச் சீண்டத்தான். முப்பத்திரண்டு வருஷம் லேத் ஓட்டி, ஃபோர்மேன் ஆகாமலே ரிட்டயர் ஆனவனை வேறு எப்படிக் கிண்டல் செய்வது? ஆனால் நான் லீவு போட்ட நாளில் அந்தக் கம்பெனியில் ஒரு ஷிஃப்டும் உருப்படியாக ஓடியதில்லை, அது ஊருக்கே தெரியும். படித்தது ஒன்பதாம் வகுப்புதான். இருந்தாலும் நம் பூனை டாக்டரம்மா ஊசி போடுவதற்கு முன் ஒரு தரம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போடுவார்.

அவனை ஓடுகிற லாரிக்கு அடியிலிருந்து நான் தாவி எடுத்த கதையை இன்னும் எல்லாரும் கேட்கிறார்கள். லாரி நின்றுகொண்டுதான் இருந்தது என்று நீ நடுவில் புகுந்து கெடுப்பாயே, இப்போது கெடுக்க ஆள் இல்லை. லாரி ஓடுகிறது.

அவன் தினசரி அட்டகாசத்தைக் கேள். காலை ஆறரைக்கு நான் கேட்டைத் திறக்கும்போது தண்ணீர் டிரம் மேல் உட்கார்ந்திருப்பான். ஐந்து நிமிஷம் தாமதமானால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பஸ் வராததற்கு நான் என்ன செய்வேன்? அப்புறம் ரவுண்ட்ஸ். ஒவ்வொரு கூண்டுக்கு முன்னாலும் நின்று, உள்ளே இருப்பவரை மேலும் கீழும் பார்த்து, கடைசியில் தன் தட்டைத் தொடாமல் மூன்றுகால் கண்ணம்மாவின் தட்டில் வாய் வைப்பான். அவன் தட்டில் இருப்பதும் அதே மீன், அக்கா. நான்தானே போட்டேன்?

எட்டு மணிக்கு யாதம்மா கூண்டு கழுவ வந்ததும், குட்டிகளை எடை பார்க்கும் தராசில் போய்ப் படுத்துக்கொள்வான். நான் தூக்கினால் உடம்பை ஈரத்துணி மாதிரித் தளர்த்தி வழுக்கிவிடுவான். கீழே விட்டால் மறுபடி தராசு. யாதம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, உன்னிடம் கற்ற தமிழில் தெலுங்கைக் கலந்து கேட்கிறாள்: "சார், மீரு ஃபோர்மேனா, அவரு ஃபோர்மேனா? ஒருத்தரு சொல்லுங்க, நான் அவங்க சொல்றதைக் கேக்குறேன்." இவளுக்கு இவ்வளவு வாய் எங்கிருந்து வந்தது? உன்னிடமிருந்துதான்.

மத்தியானம் மருந்து ஃபிரிட்ஜின் மேல் தூக்கம். சாயங்காலம், உன் பிளாஸ்டிக் நாற்காலிக்கு அடியில். மேலே ஏறமாட்டான், வேறு யாரையும் உட்காரவும் விடமாட்டான். ஒன்பது கிலோ இருக்கிறான். "ஃபோர் பாயிண்ட் டூ, மாமா. தராசிலேயே தானே தூங்கறான், பாத்து சொல்லலாமே" என்கிறாள் உன் பெண் சுதா.

ஒன்றே ஒன்றுக்காக அவனை மன்னிக்கிறேன். புதிதாக ஒரு குட்டி வந்து கூண்டில் கத்திக்கொண்டே இருந்தால், இவன் போய்க் கம்பியோடு முதுகை ஒட்டிப் படுத்துக்கொள்வான். குட்டி கம்பி வழியாகக் கையை நீட்டி இவன் முடியைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போகும். அது எழுந்திருக்கும்வரை இவன் அசையமாட்டான். நானும் ஒருநாள் அந்த மாதிரி முதுகைக் காட்டிப் படுத்துப் பார்த்தேன். குட்டி இன்னும் அதிகமாகக் கத்தியது.

சுதாவைப் பற்றி உன்னிடம் புகார் சொல்லியே ஆகவேண்டும். கொண்டாப்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறாள், உன் வேலை எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டு நடத்துகிறாள், சரி. ஆனால் நான் தமிழில் பத்து வாக்கியம் பேசினால் இங்கிலீஷில் ஒரு வார்த்தை பதில் வருகிறது. அதிலும் நீ எழுதிவைத்த விதி என்றால் அவளுக்கு வேதம். ரத்தம் வரக் கடித்த பூனைக்குச் சிவப்பு நாடா. சிவப்பு நாடா கட்டிய பூனையை யாருக்கும் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் அங்கேயும் கடிக்கும், அவர்கள் தெருவில் விட்டுவிடுவார்கள். நியாயமான விதிதான். ஃபோர்மேன் கழுத்தில் ஒரு வருஷமாக அந்த நாடா இருக்கிறது. அதனால்தான் அவன் நிரந்தரம்.

இப்போது வந்திருக்கிறது சிக்கல். பத்மா டீச்சர் என்று ஒருவர். குஷாய்குடாவில் இருக்கிறார், வீட்டுக்காரர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், போன வருஷம் தவறிப்போனார். நாலு வாரமாக ஞாயிறுதோறும் வருகிறார். அறுபது பூனை இருக்கிற இடத்தில் (சரி, இருபத்தாறு) இவருக்கு ஃபோர்மேன்தான் வேண்டுமாம். முதல் நாளே அவன் அவர் மடியில் ஏறிப் படுத்தான், அக்கா. ஒரு வருஷமாக மீன் போடுகிறவன் நான். என் மடியில் ஒரு கால் வைத்ததில்லை.

சுதா மன்னிப்புக் கேட்டாள். "அம்மா ரூல், ஆன்ட்டி. அவன் கடிப்பான்."

"கடிச்சா கடிக்கட்டும்மா. எங்க வீட்டுக்காரரும்தான் வார்த்தைக்கு வார்த்தை கடிச்சாரு. நாப்பது வருஷம் சமாளிக்கலையா?"

"மாமா, கையைக் காட்டுங்க அவங்களுக்கு."

காட்டினேன். எலும்புவரை போன பல், ஏழு தையல், தைத்த நர்சே மயங்கி விழுந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு என் பெருவிரல் அடியை உற்றுப் பார்த்தார்.

"பல்லு பட்டா புள்ளி புள்ளியா இல்ல இருக்கும்? இது ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி கோடா இருக்கே?"

"கவ்விக்கிட்டு இழுத்துட்டான், டீச்சர்!"

"ஓகோ. மடியில இந்த உறுமு உறுமுறதும் கோவத்துலதானா?"

சுதா தலையில் கைவைத்துக்கொண்டாள். "நக்கோ, வேணாம் மாமா, ஸ்டோரீஸ் போதும்." டீச்சர் எழுந்து புடவையிலிருந்த முடியைத் தட்டினார். அடுத்த ஞாயிறு கடைசியாக ஒருமுறை வருவாராம். அவனைக் கொடுத்தால் கூட்டிப்போவார், இல்லாவிட்டால் வெறும் கையோடு போவாராம். "வேற பூனை வேணாம்மா. இவனைக் குடுக்க முடியாதுன்னா, எனக்குப் பூனையே வேணாம்." போகும்போது அவன் கேட்டுவரை பின்னாலேயே நடந்தான். அவர் ஆட்டோ போன பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தான். மீன் தட்டைத் தட்டிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

நீ அடிக்கடி சொல்வாயே, "இது வெயிட்டிங் ரூம்டா. இங்கேயே தங்குறதுக்கு யாரும் வரல." அது அந்த நேரத்தில் ஞாபகம் வர வேண்டுமா?

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், ஒரு சின்ன வயசு ஜோடி அவனைக் கேட்டு வந்தது. நல்ல பிள்ளைகள். சுதாவும் கூடையை எடுக்கப் போனாள். ஷெட்டில் நீ இல்லை, உன் குரல் இல்லை, இவனும் போய்விட்டால் நான் காலையில் எழுந்து எதற்காக அந்த பஸ்ஸுக்கு நிற்க வேண்டும்? அன்று என் கையில் கட்டு இருந்தது. "என்னாச்சு மாமா?" என்று கேட்டாள். "இவன்தான் கடிச்சுட்டான்" என்று வாய் முந்திக்கொண்டது. உன் டப்பாவிலிருந்து சிவப்பு நாடாவை எடுத்து நானே கட்டினேன். கட்டுவதற்குத் தோதாகக் கழுத்தை வேறு தூக்கிக் காட்டினான், மடையன். சுதா என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போய்ப் போடவைத்த நாய்க்கடி ஊசி அத்தனையையும் வாயைத் திறக்காமல் போட்டுக்கொண்டேன்.

தமிழ்ச் சங்கத்துப் பத்திரிகையில் உன் நினைவாக எழுதச் சொன்னார்கள், இந்தக் கடிதத்தையே எழுதிக் கொடுத்துவிட்டேன். சுதாவுக்குத் தமிழ் படிக்க வராது. ஆனால் பத்மா டீச்சர் அட்டை முதல் கடைசிப் பக்கத்துக் கல்யாண விளம்பரம்வரை விடாமல் படிப்பவர். சனிக்கிழமை பத்திரிகை அவர் வீட்டுக்குப் போய்விடும். தெரிந்தேதான் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கேட்டைத் திறப்பதற்கு முன்னால், கட்டிய இந்தக் கையாலேயே அந்த நாடாவை அவிழ்த்து, சுதாவிடமும் என் வாயாலேயே சொல்லிவிடுவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. என் கையைக் கிழித்தது மீன் டின் மூடி, அக்கா. அவன் என்னை ஒரு நாளும் கடித்ததில்லை.

உன் கூடப்பிறந்த ஒரே தம்பி,
மாணிக்கம்